நான்கு குரல் யந்திரமும் நரம்பு வாத்தியங்களும்

(பாமன்கடையில் இசைரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை அழைப்பிதழில் கண்டவுடனே, இது ஒரு சங்கீத சபையிலே பேசத்தக்க பொருள்தானா என்று உங்களிற் சிலர் ஐயுற்றிருப்பீர்கள் என்பதையும், அந்த ஐயத்தை மரியாதை காரணமாக வாய்விட்டுச் சொல்லாமல் மனத்திலே அடக்கிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள் என்பதையும் நான் அறிவேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திச் சிறுவர் விளையாடிய பழைய யந்திரங்களின் ஓசையை எடுத்து, அதனோடு மின்கிற்றார், பேஸ் கிற்றார், ட்றம்ஸ் ஆகிய றொக் வாத்தியங்களை மேடையிலே நேரே சேர்த்து வாசிக்கும் ஓர் இசைமுறை யப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்து நிற்கிறது. அந்த யந்திரங்களின் ஓசையிலிருந்து ஆக்கப்படும் இசையைச் சிப்ட்யூன் என்பர். இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரமென்று தள்ளிவிடுவது எளிது; ஆயினும் எது வாத்தியம், எது வாத்தியமன்று என்ற பழைய வழக்கை மறுபடியும் விசாரணைக்குக் கொண்டுவருவதனால், நம்மைப் போன்றோர் இதற்குச் செவிகொடுப்பது தகும் என்றே கருதுகிறேன்.

முதலில் யந்திரத்தின் அங்கலட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983ஆம் ஆண்டு யூலை மாதம் நின்டென்டோ கம்பனி யப்பானில் ஃபமிகொம் என்னும் பெயரிலே வெளியிட்டு, 1985இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரோடு விற்பனைக்குக் கொண்டுபோன யந்திரத்துக்குள், ரிக்கோ கம்பனி செய்த ஒரு சிப் இருந்தது. கணக்குப் பார்க்கும் வேலையையும் ஒலியெழுப்பும் வேலையையும் அந்த ஒரே சிப் ஏற்றிருந்தது. அதன் குரல்களுள் இரண்டு சதுர அலையை எழுப்புவன. அலையானது ஒரு சுற்றில் எட்டிலொரு பங்கு நேரம் மேலே நிற்கிறதா, காற்பங்கா, அரைப்பங்கா என்பதற்கேற்ப நாதம் மூக்கொலி மிகுந்தோ, கணீரென்றோ, உள்ளே குடைந்தாற்போலவோ மாறும். பலத்தைப் பதினாறு படிகளில் கூட்டவும் குறைக்கவும் இயலும். மூன்றாவது குரல் முக்கோண அலை. அது ஒலிக்கும் அல்லது ஒலியாதிருக்கும், அதன் பலத்தை ஏற்றி இறக்க வழியில்லை. ஆகையால் கீழ்ஸ்தாயியில் பேஸ் வாசிக்கும் பணியே பெரும்பாலும் அதன் தலையில் விழுந்தது. நான்காவது குரல் வெறும் இரைச்சல். தாளக்கருவியின் ஸ்தானத்தை அதுவே வகித்தது. ஐந்தாவதாக, முன்கூட்டிப் பதிந்த ஓசைத் துணுக்குகளை ஒலிக்கும் வசதியொன்றும் இருந்ததாயினும், ஞாபக இடம் பஞ்சமாயிருந்த அக்காலத்தில் அதனைத் தாராளமாகப் பயன்படுத்தப் பலருக்கும் கட்டவில்லை. 1989இல் வந்த கேம் போய் என்னும் கையடக்க யந்திரத்துக்கும், சிறு வேறுபாடுகளோடு, நான்கு குரல்களே.

இந்தப் பஞ்சத்தின் அளவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற விளையாட்டு முழுவதும், அதாவது அதன் சித்திரங்கள், விதிகள், பகைவர்கள், கோட்டைகள், கோஜி கொண்டோ அமைத்த இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதைப்போலப் பன்மடங்கு இடத்தைப் பிடிக்கும். பாடல் சுருக்கமாக இருக்கவேண்டும். ஆயிரம் தடவை திரும்ப ஒலித்தாலும் சலிக்காததாகவும் இருக்கவேண்டும். குதித்தல், விழுதல், காசு பொறுக்குதல் ஆகியவற்றின் ஓசை வேண்டப்படும்போது, இசைக்குரிய குரல்களுள் ஒன்று இடையிலே பறிக்கப்பட்டாலும் பாடல் குலையாமல் நிற்கவேண்டும். இத்தனை நிர்ப்பந்தங்களுக்குள் ஒருவர் இசையமைக்கக் கற்றுக்கொண்டாரெனில், அவர் கற்றது இசையிலே எது இன்றியமையாதது, எது ஆடம்பரம் என்ற விவேகத்தையே என்று சொல்லவேண்டும்.

இவர்கள் கையாண்ட உபாயங்களுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேல்நாட்டு இசையில் ஒரு கோர்ட் ஒலிக்கவேண்டுமானால் குறைந்தது மூன்று சுரங்கள் ஏககாலத்தில் எழவேண்டும். மூன்று குரல்களையும் அதற்கே கொடுத்துவிட்டால் பாட்டை யார் பாடுவது? ஆகவே ஒரே குரலுக்குள் அம்மூன்று சுரங்களையும் விநாடிக்கு ஐம்பது அறுபது முறை மாற்றி மாற்றி ஓடவிட்டனர். தீக்கொள்ளியை வேகமாகச் சுழற்றினால் கண்ணுக்கு வட்டம் தோன்றுவதுபோல, காதுக்கு அங்கே ஒரு கோர்ட் தோன்றியது. ஆயினும் முற்றிலும் தோன்றாமல், நடுநடுங்கிப் பளபளக்கும் ஒரு நாதமாயிற்று. பொப் யானஸ் என்பவர் வடிவமைத்து 1982இல் கொமடோர் 64 கணினியோடு வந்த மூன்று குரல் சிப்பிலே, இங்கிலாந்தில் றொப் ஹப்பாட், மார்ட்டின் கோல்வே போன்றோர் இவ்வித்தையைப் பிரசித்தமாக்கினர். குறையை மறைக்கக் கண்ட உபாயம் பின்பு அவ்விசையின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

நம்முடைய வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் நின்டென்டோவின் அசல் யந்திரங்கள் அல்ல. புறக்கோட்டைக் கடைகளிலிருந்தும், வளைகுடா நாடுகளில் வேலைசெய்து திரும்பியவர்களின் பெட்டிகளிலிருந்தும் இறங்கிய நகல்களைத்தான் 'ரீவி கேம்' என்ற பொதுப்பெயரால் அழைத்தோம். தாய்வானில் செய்த மைக்ரோ ஜீனியஸ் முதலான இந்த நகல்களைப் பற்றிப் பொறியியலறிந்தோர் சொல்லும் இரண்டு செய்திகள் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றின. சில நகல் சிப்புகளிலே, காற்பங்கு அலையும் அரைப்பங்கு அலையும் இடம்மாறி அமைந்துவிட்டன. அதனால் இசையமைத்தவர் கணீரென்று ஒலிக்க எண்ணிய பாட்டு குடைந்த நாதத்திலும், குடைந்து ஒலிக்க எண்ணியது கணீரென்றும் எழுந்தன. இரண்டாவதாக, விநாடிக்கு அறுபது சட்டங்கள் ஓடும் தொலைக்காட்சிக்கென எழுதப்பட்ட இசை, ஐம்பது சட்டங்கள் ஓடும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கென அமைந்த நகல்களில், சுருதி ஏறக்குறைய மாறாதிருக்கக் காலப்பிரமாணத்தில் ஆறிலொரு பங்கு தளர்ந்து சென்றது. ஆக, ஒரு யப்பானியப் பிள்ளை கேட்ட அதே பாட்டை, இங்கே தொடர்மாடி வீட்டிலிருந்து கேட்ட ஒரு பிள்ளை சற்று விளம்பமாகவும் வேறொரு நாதத்திலும் கேட்டிருக்கக்கூடும். ஒரே கிருதி ஒவ்வொரு சிஷ்யபரம்பரையிலும் ஒவ்வொரு பாடாந்தரமாக வழங்குவதை நாம் பிழையென்று சொல்வதில்லை. அந்த நியாயத்தை இதற்கும் வழங்குவோமாயின், நகல் யந்திரத்தின் நாதம் நம்முடைய பிரதேசத்துக்குரிய பாடாந்தரமாகும். சிப் இசையில் ஈடுபட விரும்பும் நம் இளைஞர் அசலைத் தேடி ஏங்காமல், அலமாரியின் அடித்தட்டிலே கிடக்கும் நகலையே வெளியே எடுப்பது நன்று என்பது என் கட்சி.

இனி, றொக் வாத்தியங்களோடு இந்த யந்திரம் சேர்ந்த கதைக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டிலே, டைட்டோ கம்பனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் யப்பானை ஆட்கொண்டது. நான்கே சுரங்கள் இறங்குமுகமாகத் திரும்பத் திரும்ப ஒலித்து, பகைவர் குறையக் குறைய வேகமெடுக்கும் அதன் ஓசை பலர் நெஞ்சிலே பதிந்தது. அதே ஆண்டில் ஹருவோமி ஹொசொனோ, யுகிஹிரோ டகஹாஷி, ரியூச்சி சகமொட்டோ ஆகிய மூவர் யெல்லோ மஜிக் ஒர்க்கெஸ்ட்ரா என்ற குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, விளையாட்டு யந்திரங்களின் ஓசையை அதிலே புகுத்தியதோடு, டகஹாஷியின் நேரடி ட்றம்ஸ் வாசிப்பையும் அருகில் வைத்தனர். பின்னர் 1984இல் ஹொசொனோ விளையாட்டு இசையை மட்டுமே தொகுத்து ஒரு தட்டாகவும் வெளியிட்டார். யந்திரத்தின் பிள்ளைப்பருவத்திலேயே அதற்கு வாத்திய அந்தஸ்து கோரியவர்கள் இவர்களே.

ஆயினும், யந்திரங்கள் பழசாகிய பிற்பாடுதான் இந்தக் கலை தன் காலில் நின்றது என்பது கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் ஒலிவர் விட்சோ 1998இல் செய்த நனோலூப், சுவீடனில் யொஹான் கொட்லின்ஸ்கி இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிச் செய்த எல்.எஸ்.டி.ஜே. ஆகிய இரண்டும், கேம் போய் யந்திரத்தை விளையாட்டுச் சாமானிலிருந்து இசையெழுதும் பலகையாக மாற்றின. நான்கு பற்றரிகளும் ஒரு காதொலிக்கருவியும் இருந்தால் புகையிரதத்தில் இருந்துகொண்டே ஒருவர் இசையமைக்கலாம் என்றாயிற்று. வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு இது எத்தகைய அனுகூலம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த வரிசையில் நியூயோர்க் நகரத்து அனமனகூச்சி என்ற குழுவே என் பேச்சின் நடுநாயகம். பீற்றர் பேர்க்மன், ஏரி வார்னார், ஜேம்ஸ் டிவிட்டோ, லூக் சைலஸ் ஆகிய நால்வர்; இரண்டு கிற்றார், ஒரு பேஸ், ஒரு ட்றம்ஸ்; இவற்றோடு என்.இ.எஸ்., கேம் போய் யந்திரங்களிலிருந்து எழும் குரல்கள். 2006இல் பவர் சப்ளை, 2009இல் டோன் மெட்ரோபொலிஸ் ஆகிய தொகுப்புகளை வெளியிட்டனர். 2010இல் ஸ்கொட் பில்கிரிம் என்ற விளையாட்டுக்கு இசையமைத்தனர். 2013இல் எண்ட்லெஸ் ஃபான்டசி என்ற இசைத்தொகுப்புக்காகப் பொதுமக்களிடம் இணையவழியே ஐம்பதினாயிரம் டொலர் கேட்டு, இரண்டரை இலட்சத்துக்கு மேல் பெற்றனர். மினிபொசஸ், த அட்வான்டேஜ் போன்ற வேறு சில குழுக்கள் பழைய விளையாட்டுப் பாடல்களை யந்திரமே இல்லாமல் கிற்றாரிலும் ட்றம்ஸிலும் வாசித்தன; கைத்திறனால் வியப்பூட்டுவதன்றி அதில் எனக்கு வேறொரு லாபம் தெரியவில்லை. அனமனகூச்சியினரோ பழம்பாட்டைப் பிரதிபண்ணாமல் சொந்தச் சாகித்தியத்தை அந்த யந்திரத்துக்கு எழுதினர்.

கிற்றாரும் சதுர அலையும் ஏன் ஒன்றையொன்று வெறுக்காமல் இசைந்து போகின்றன என்று நான் யோசித்ததுண்டு. காரணம் பௌதிகத்திலே இருக்கிறது. றொக் இசைக்காரர் தம் கிற்றாரின் ஒலியை ஒலிபெருக்கி தாங்கமாட்டாத அளவுக்கு ஏற்றி உறுமச் செய்யும்போது, அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. நன்றாக வெட்டுண்ட அலை சதுர அலைக்கு மிக நெருங்கிய உறவு. ஆதலால் மரமும் கம்பியுமான கிற்றாரும், சிப்பின் அற்பக் குரலும், நாதத்தில் ஒரே கோத்திரத்தைச் சேர்ந்தவையாகி விடுகின்றன. கோத்திரம் ஒன்றாயிருப்பதிலே ஒரு சங்கடமும் உண்டு: இரண்டும் ஒரே ஸ்தாயியில் ஒலித்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எனவே சிப்பை மேல்ஸ்தாயியில் மின்னவிட்டு, கிற்றாரை நடுஸ்தாயியில் அடர்த்தியாக நிறுத்தி, சிப்பின் இரைச்சலால் ஆகாத கனத்தை ட்றம்ஸிடம் ஒப்படைத்துவிடுவதே இக்கலையின் பிரதான சூட்சுமம். இதனை அறியாத குழுக்களின் இசை காதைக் குடைகிறது. அப்படிப்பட்டவையே தொகையில் மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இப்பொழுது நம்முடைய வழக்குக்கு வருவோம். அந்நிய வாத்தியங்களை நமது சங்கீதம் எந்தப் பிரமாணத்தால் ஏற்றது, எந்தப் பிரமாணத்தால் தள்ளியது? வயலின் சீமையிலிருந்து வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கையிலெடுத்த பின்னர், இருநூறு ஆண்டுக்குள் அது இல்லாத கச்சேரி அருமையாகிவிட்டது. ஆர்மோனியமோ 1940இல் அகில இந்திய வானொலியினால் விலக்கப்பட்டு, 1971 வரையில் வாசலுக்கு வெளியே நின்றது. மின்சார மண்டலினை யு. சிறீநிவாசும், சக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம் கண்முன்னே சபைக்குள் கொண்டுவந்தனர். மின்சாரமா மரமா, சுதேசமா பரதேசமா என்ற பேதம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. கமகம் பிடிக்குமா என்ற ஒரே கேள்வியே தீர்ப்புச் சொல்லிற்று. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலே பள்ளத்தை விட்டுவைத்தன.

இந்தக் கேள்வியை ஃபமிகொம் சிப்பிடம் கேட்டால் அதன் விடை விநோதமாயிருக்கிறது. அதன் சதுரக் குரலுக்குச் சுருதி நிர்ணயிக்க 2,048 எண்கள் உள்ளன. எண்ணை விநாடிக்கு அறுபது தடவை மாற்றினாலே சுரம் அசையும், வழுக்கும், நடுங்கும். நடுஸ்தாயியில் அந்தப் படிகள் மிக நுண்ணியவை. காதுக்கு ஏறக்குறைய இழைவாகவே கேட்கும். மேலே போகப்போகப் படிகள் அகன்று, இரண்டு ஸ்தாயி ஏறியதும் நமது பிரமாண சுருதியின் அளவையும் தாண்டிவிடுகின்றன. அங்கே கமகம் படிக்கட்டாகிவிடும். ஆகவே ஆர்மோனியத்துக்குச் சொன்ன குற்றத்தை இந்த யந்திரத்துக்கு முழுவதும் சொல்ல இயலாது. தோடியை அதிலே வாசிக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வாசிக்க முடியாமைக்குச் சிப் காரணமாயிராது, எழுதுகிறவரின் பொறுமையின்மையே காரணமாயிருக்கும்.

அதற்குள்ள மெய்யான குறை வேறு. அதற்குக் காது இல்லை. பாடகர் ஒரு சங்கதியை நீட்டினால் மிருதங்கக்காரர் காத்திருப்பார். வயலின்காரர் நிழலாய்த் தொடர்வார். யந்திரம் காத்திராது, தொடராது. தன் கணக்கின்படி ஓடும். ஆகவே அதனோடு வாசிக்கும் ட்றம்ஸ்காரர், அதன் அடியைக் காதிலே வாங்கிக்கொண்டு, தம்முடைய லயத்தை அதற்குப் பணியவைக்க வேண்டியவராகிறார். இது நம் பக்கவாத்திய தர்மத்துக்கு நேர்விரோதம். ஆயினும் நல்ல குழுவிலே நடப்பது என்ன? காலத்தை விட்டுக்கொடுக்க முடியாத இடத்தில் பலத்தை விட்டுக்கொடுத்து, தட்டும் இடத்தை மயிரிழை முன்பின்னாக்கி, கிற்றாரின் கம்பியை இழுத்து, யந்திரத்துக்கு இல்லாத காதை மனிதர் நால்வரும் இரவல் கொடுக்கின்றனர். 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற வாத்தியக் கலைஞர், ரோலண்ட் கம்பனியின் மின்னிசை யந்திரங்களை மட்டும் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டை நினைவுகூருங்கள். அக்காலத்திலே கவனிப்பாரற்றுப்போய், 2010இல் மறுபதிப்புக் கண்டபோது உலகம் அதனை வியந்தது. அதிலே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் யந்திரக் குரல் உண்டு. இராகச் சாயை உண்டு. உடன் ஒரு மனிதக் கை தபேலாவிலே பேசியிருந்தால் அது எத்தகைய சிருஷ்டியாயிருக்கும் என்று நான் ஒவ்வொருமுறை கேட்கும்போதும் எண்ணுவதுண்டு.

யந்திரத்தோடு கூடி வாசித்தல் நமக்குப் புதிதென்று நினைப்போர், இந்த மேடையிலே கச்சேரிக்குமுன் முதலில் ஒலிக்கத் தொடங்குவது எதுவென்று எண்ணிப் பார்க்கட்டும். பெங்களூரில் புல்லாங்குழல் வித்துவானும் பொறியியலாளருமான ராஜ் நாராயண், 1979இல் மின்தம்புராவை ஆக்கினார். இன்று சிப் ஒன்று சுருதி பிடிக்க, அதன்மேல் நம் வித்துவான்கள் பாடுகிறார்கள், ஒருவரும் முகஞ்சுளிப்பதில்லை. நாதஸ்வரக் கோஷ்டியில் மூச்சடக்கி நாள் முழுதும் ஒத்து ஊதியவரின் பிழைப்பை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டதையும் நாம் பேசாமல் ஏற்றுக்கொண்டோம். சுருதி என்ற உயிர்ஸ்தானத்தையே யந்திரத்திடம் கொடுத்தவர்கள், பாட்டிலே ஒரு மூலையை அதற்குக் கொடுக்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

ஈழத்தவர் இவ்விஷயத்தில் பின்னிற்க நியாயமே இல்லை. நித்தி கனகரத்தினமும், ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரையும் பைலா தாளத்தையும் கொண்டு தமிழிலே பொப் பாடியபோது, அதனைக் கலாசாரச் சீர்கேடென்று கண்டித்த பெரியோர் இருந்தனர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கலியாண வீட்டில் 'சுராங்கனி' ஒலிக்காமற் பந்தி முடிவதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து இலண்டன் சென்ற மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளப்பெட்டியை அடிப்படையாக வைத்து, தந்தையின் இயக்கப்பெயரைத் தாங்கிய 'அருளர்' என்ற இசைத்தட்டை 2005இல் வெளியிட்டார். தாயின் பெயரைத் தாங்கி 2007இல் வந்த 'கலா'வுக்காகச் சென்னை சென்று உறுமி மேளத்தைப் பதிவுசெய்து, யந்திரத் தாளத்தோடு சேர்த்தார். அது சிப்ட்யூன் அன்று. எனினும் யந்திரத்தின் இரைச்சலுக்கும் தோலின் உறுமலுக்கும் உறவு காட்டிய வகையில், நமக்கு மிக அண்மையிலுள்ள முன்மாதிரி அதுவே. கிற்றாரினால் சிப்புக்குக் கிடைத்த கனம், தவிலினாலும் உறுமியினாலும் கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும், காலையில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு வயலினும் மிருதங்கமும் பயின்று, மாலையில் ஓகன் வகுப்புக்கும் கிற்றார் வகுப்புக்கும் ஓடும் பிள்ளைகள் பலரை நீங்கள் அறிவீர்கள். அவர்களிடத்தில் லயஞானம் இருக்கிறது; மின்கருவியைக் கண்டு மிரளாத மனமும் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று: அப்பிள்ளைகள் பழைய ரீவி கேமைத் தூக்கிக்கொண்டு வந்தால், வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டு வா என்று சொல்லாமல், அதன் நான்கு குரல்களுக்கு ஒரு மோகன வர்ணத்தை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மிருதங்கம் பயிலும் மாணவனை அதற்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இந்தச் சபையாரை வேண்டிக்கொள்வதும் ஒன்றே: வருகின்ற ஆண்டின் இசைவிழா நிரலில், பிற்பகல் வேளையிலேனும், அத்தகைய குழு ஒன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், கேட்டபின் பிடிக்கவில்லையாயின், அதற்கடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம்.